நாற்பது ஆண்டு வின்டேஜ் போர்ட்டை எத்தனை மணி நேரம் இறுத்து வைக்கலாம்?

அரசலாறு (கும்பகோணம்) — கேள்வி

அன்பர்களுக்கு வணக்கம். 1985 ஆம் ஆண்டு அறுவடையில் உருவான வின்டேஜ் போர்ட் (போர்த்துகல் நாட்டின், சாராயம் சேர்த்த இனிப்பு ஒயின்) பாட்டில்கள் இரண்டு என்னிடம் உள்ளன. இரண்டும் ஒரே நிறுவனத்தின் சரக்கு. இரண்டையும் லண்டனில் வசிக்கும் என் மைத்துனர்தான் வாங்கித் தந்தார். ஆனால் அவை இருந்த இடங்கள் வேறு வேறு. முதல் பாட்டில் 2009 இல் இங்கு வந்தது. அன்று முதல் எங்கள் ஓட்டு வீட்டின் உள்ளறையில், பத்தாயத்தை ஒட்டிய மர அலமாரியில் படுக்கைவாட்டில் கிடக்கிறது. வெளியே வெயில் கொளுத்தும்போதும் அந்த அறை சற்றுத் தணிந்தே இருக்கும் என்றாலும், சித்திரை, வைகாசியில் அங்கும் 32 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. இரண்டாவது பாட்டில் இந்தப் பொங்கலுக்கு வந்தது. அதுவரை அது லண்டனில் வெப்பநிலை கட்டுப்படுத்தப்பட்ட கிடங்கில் இருந்திருக்கிறது. வந்த நாள் முதல் எங்கள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இருக்கிறது.

சித்திரைக் கடைசியில் மைத்துனர் வரும்போது இவற்றைத் திறக்க எண்ணியிருக்கிறோம். பழைய போர்ட்டை மண்டி நீங்க இறுத்து, காற்றாட வைத்த பிறகே அருந்த வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருப்பதாகத் தெரியவில்லை. எவ்வளவு நேரம் வைப்பது என்பதில்தான் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். நாற்பது வயதான போர்ட்டுக்கு ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரமே போதும், அதற்கு மேல் வைத்தால் மணம் கலைந்துவிடும் என்பது ஒரு கட்சி. காலையில் இறுத்து வைத்து இரவு உணவுக்குப் பின் அருந்துவதே முறை, எட்டு மணி முதல் பன்னிரண்டு மணி வரை வைத்தாலும் தகும் என்பது இங்கிலாந்து ரசிகர்கள் பலரின் கட்சி.

நீண்ட நேரம் காற்றாட வைப்பதால் முதிர்ந்த போர்ட்டுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது? வளர்ந்த இடம் வேறாக இருக்கும் இந்த இரண்டு பாட்டில்களுக்கும் ஒரே நேரக் கணக்குப் பொருந்துமா? வீட்டில் ஒரு படிகக் கண்ணாடி டிகான்டர் (இறுத்த ஒயினை ஊற்றி வைக்கும் குடுவை) இருக்கிறது. அது தவிரப் பித்தளைக் கூஜாவும் எவர்சில்வர் பாத்திரங்களும்தான். அருந்தப்போவது மாடியறையில் (காரணத்தைக் கும்பகோணத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை). அந்த அறை மாலையிலும் 34 டிகிரி இருக்கும். ஏசி உண்டு, மின்சாரம் இருந்தால்.

வெட்டாறு (நாகப்பட்டினம்)

தம்பிக்கு வணக்கம். நான் வணிகக் கப்பலில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். போர்ட்டோ நகரை ஒட்டிய லெய்ஷோஸ் துறைமுகத்தில் கப்பல் நின்ற காலங்களில், டூரோ ஆற்றின் தென்கரையில் விலா நோவா டி கையாவிலுள்ள கிடங்குகளுக்குப் போய், பழைய வின்டேஜ் போர்ட்டைச் சுவைக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: அவசரப்படாதீர்கள்.

போர்ட்டை மற்றப் பழைய ஒயின்களின் வரிசையில் வைத்து அஞ்சுவது தவறு. புளித்துக்கொண்டிருக்கும் திராட்சைச் சாற்றில், அதன் இனிப்பில் ஏறத்தாழ பாதி மிஞ்சியிருக்கும்போதே, 77 சதவீத ஆல்கஹால் கொண்ட திராட்சைச் சாராயத்தை ஊற்றிப் புளிப்பை நிறுத்துகிறார்கள். அதனால் அதில் ஆல்கஹால் 20 சதவீதத்தை ஒட்டியிருக்கிறது. ஒரு லிட்டருக்கு 100 கிராம் அளவில் சர்க்கரையும் தங்கிவிடுகிறது. இந்த இரண்டும் சேர்ந்து தரும் உடற்கட்டு பிரான்சின் பர்கண்டி ஒயினுக்குக் கிடையாது. ஐம்பது வயது பர்கண்டி டிகான்டரில் அரைமணி நேரத்தில் சாய்ந்துவிடக்கூடும். அதே வயது போர்ட் மாலை முழுவதும் நிமிர்ந்து நிற்கும். வின்டேஜ் போர்ட் மரப்பீப்பாயில் இருப்பது இரண்டு ஆண்டு அளவுதான். அதன் பின் வடிகட்டாமலேயே பாட்டிலில் அடைக்கப்பட்டு, மீதி ஆயுளைக் காற்றில்லாமல் கழிக்கிறது. மரத்திலேயே பத்து, இருபது ஆண்டுகள் மூச்சுவிட்டு முதிரும் டானி போர்ட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. நாற்பது ஆண்டு அடைபட்டுக் கிடந்த ஒன்று முதல் ஒரு மணி நேரத்தில் தன் குணத்தைக் காட்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.

திறந்தவுடன் அதில் ஈரச் சுவரின் வாடை வரும், சாராயத்தின் காரம் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். மூன்று, நான்கு மணி நேரத்தில் அந்தக் காரம் உள்ளே அடங்கும். ஆறு மணி நேரம் கடந்த பின்தான் உலர்ந்த அத்தி, கறுப்புப் பழங்கள், புகையிலை ஆகியவற்றின் மணம் ஒன்றன்பின் ஒன்றாக வருவதை நான் கண்டிருக்கிறேன். ஆகவே லண்டனிலிருந்து வந்த பாட்டிலுக்கு எட்டு மணி நேரம் கொடுங்கள். கும்பகோணத்தில் கிடந்த பாட்டிலையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். மடெய்ரா தீவின் ஒயினைப் பீப்பாய்களில் ஏற்றி, வெப்பமண்டலக் கடல் வழியாக இந்தியா வரை கொண்டுசென்று திருப்பிக் கொண்டுவந்தபோது அது முன்னைவிடச் சுவை கூடியிருந்தது. அப்படிப் பயணம் போய்வந்த ஒயினுக்குத் தனி விலையே இருந்தது. வெயில் எல்லா ஒயினையும் கெடுத்துவிடும் என்பதற்கில்லை. (எங்கள் நாகப்பட்டினத்தில் போர்த்துகீசியர் 1658 வரை இருந்தார்கள், அவர்கள் இந்த போர்ட்டைத்தான் அருந்தினார்கள் என்று இங்கே சிலர் பெருமை பேசுவதுண்டு. சாராயம் சேர்த்து இனிப்பைத் தக்கவைக்கும் முறை அதற்குப் பின்னரே வழக்கத்துக்கு வந்தது.)

கொள்ளிடம் (சீர்காழி)

கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். வெட்டாறு ஐயா நாவினால் கண்டறிந்ததை நான் மறுக்கவில்லை. எட்டு மணி என்ற கணக்கை அப்படியே காவிரிக் கரைக்குக் கொண்டுவருவதைத்தான் மறுக்கிறேன். வெப்பநிலையைச் சொல்லாமல் மணிக்கணக்கை மட்டும் சொன்னால் அது பாதிக் கணக்குதான்.

இறுத்தல் என்ற ஒரே செயலில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. மண்டியைப் பிரிப்பது முதல் வேலை. அது கட்டாயம், இறுத்த கணத்தில் அது முடிந்துவிடுகிறது. ஒயினைக் காற்றுடன் பழகவிடுவது இரண்டாவது வேலை; அது பாட்டிலைப் பொறுத்தது. நேரத்தைப் பற்றிய சச்சரவு முழுவதும் இந்த இரண்டாவது வேலையைப் பற்றியதே.

காற்றாடும்போது நிகழ்பவற்றையும் இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று வெளியேற்றம். மூடிய பாட்டிலில் ஆக்சிஜன் இல்லாத சூழலில் கந்தகச் சேர்மங்கள் சிறிதளவு சேர்ந்துவிடுகின்றன. ஹைட்ரஜன் சல்ஃபைடும் மெத்தேன்தயாலும் இவ்வகையின. பின்னதன் கொதிநிலை ஏறத்தாழ 6 டிகிரிதான் என்பதால், ஒயினின் மேற்பரப்பு விரிந்தவுடன் அவை விரைவாகப் பறந்துவிடும். இவை மிக நுண்ணிய அளவில் இருந்தாலே பழ மணத்தை மறைக்கக்கூடியவை. ஆகவே, புதிதாக எதுவும் தோன்றாமலேயே, மறைப்பது விலகியதனால் மட்டும் பழ மணம் "வந்தது" போலத் தெரியும்.

மற்றொன்று ஆக்சிஜனேற்றம். காற்றுடன் நன்கு கலந்த ஒயின் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்துக்கொள்ளும். அந்த ஆக்சிஜன் நேரடியாக எதையும் தாக்குவதில்லை. ஒயினில் நுண்ணளவில் உள்ள இரும்பும் செம்பும் வினையூக்கிகளாக நின்று அதை டானின் வகைச் சேர்மங்களுடன் (ஒயினுக்குத் துவர்ப்புத் தருபவை) இணைக்கின்றன. அவ்வினையில் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகி, அது எத்தனாலை அசெட்டால்டிஹைடாக மாற்றுகிறது. இந்த வினைத்தொடர் மெதுவானது. கரைந்த ஆக்சிஜன் முழுவதும் செலவாகச் சில நாட்கள்கூட ஆகலாம். எனவே சில மணி நேரத்தில் "டானின் மென்மையாகிவிடுகிறது" என்று சொல்வதற்கு வேதியியல் ஆதாரம் பலவீனமானது. அதிலும் நாற்பது வயதான போர்ட்டில் டானினும் நிறமிகளும் பெருமளவு ஒன்றோடொன்று பிணைந்து, கனத்து, ஏற்கெனவே மண்டியாக அடியில் உட்கார்ந்துவிட்டன. மென்மையாக்குவதற்கு அதில் மிச்சமிருப்பது சொற்பம். இளம் போர்ட்டின் கதை வேறு. அதைக் காலையிலேயே இறுத்து வைப்பதில் எனக்கு மறுப்பு இல்லை.

பழைய ஒயினுக்கு மற்றொரு குறையும் உண்டு. பாட்டிலில் அடைக்கும்போது இருந்த கந்தக டையாக்சைடு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் காவலாகப் பயன்படுவது. நாற்பது ஆண்டில் அதன் செயல்படும் பங்கு ஏறத்தாழ தீர்ந்துபோயிருக்கும். வெட்டாறு ஐயா கூறிய உடற்கட்டு உண்மைதான். ஆனால் ஆல்கஹாலும் சர்க்கரையும் கிருமிகளிடமிருந்து காக்குமேயன்றி ஆக்சிஜனிடமிருந்து காக்கா.

இனி வெப்பநிலைக்கு வருவோம். 10 டிகிரி ஏறினால் வினையின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது தோராயமான ஒரு விதி. இங்கிலாந்து வீட்டின் 18 டிகிரிக்கும் உங்கள் மாடியறையின் 34 டிகிரிக்கும் இடையிலுள்ள 16 டிகிரி வேறுபாடு வேகத்தை மூன்று மடங்காக்கும். அங்கே எட்டு மணி நேரத்தில் நடப்பது இங்கே இரண்டே முக்கால் மணிக்குள் நடந்துவிடும். பறந்துபோகும் மணங்களும் அதே அளவில் அவசரப்படும். சாராயத்தின் காரமும் 34 டிகிரியில் அடங்காது, மேலும் துருத்தவே செய்யும். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. குளிர்ந்த நிலவறையிலிருந்து 13 டிகிரியில் எடுத்த பாட்டில், மேசைமீது நாலைந்து மணி நேரம் இருந்து மெல்ல 18 டிகிரியை அடைகிறது. அந்த ஏற்றத்தினாலேயே மணங்கள் அவிழ்கின்றன. அதைக் காற்றின் வேலை என்று நினைத்துவிடுகிறோம்.

இரண்டு பாட்டில்களையும் ஒன்றாக நடத்தக்கூடாது என்பது இவற்றிலிருந்தே தெளிவாகும். உள்ளறைப் பாட்டில் இத்தனை கோடைகளில் லண்டன் பாட்டிலைவிட வெகு தூரம் முதிர்ந்திருக்கும். அதைத் திறந்தவுடன் வெந்தயமும் காய்ச்சிய வெல்லமும் கலந்த மணம் வருகிறதா என்று பாருங்கள். ஆக்சிஜன் புழங்க முதிரும் இனிப்பு ஒயின்களில் மெல்லச் சேரும் சோட்டோலோன் என்ற சேர்மமே வெந்தயத்தின் மணத்துக்கும் மூலம். அது டிகான்டரில் சில மணி நேரத்தில் தோன்றுவதும் இல்லை, காற்றாட வைத்தால் போவதும் இல்லை. அந்த மணம் திறந்த கணத்திலேயே ஓங்கி இருந்தால், காற்றுக்கு அந்தப் பாட்டிலில் செய்ய எதுவும் மிச்சமில்லை என்று கொள்ளலாம். மண்டியை நீக்கிவிட்டு உடனே அருந்த வேண்டியதுதான்.

மடெய்ராவைப் பற்றி ஐயா சொன்னதில் ஒரு திருத்தம் வேண்டும். அந்த ஒயின் மிகுந்த புளிப்புடையது. அதை வேண்டுமென்றே 45 முதல் 50 டிகிரி வரை சூடாக்கிக் குறைந்தது மூன்று மாதம் வைப்பது இன்றும் அங்கே ஒரு தயாரிப்பு முறை. போர்ட்டின் புளிப்பு அந்த அளவுக்கு இல்லை. வெயிலில் காய்ந்த போர்ட் மடெய்ரா ஆகிவிடாது. களைத்த போர்ட்டாகவே இருக்கும்.

குடமுருட்டி (திருவையாறு)

அரசலாறு அண்ணா, நான் தங்கும் விடுதி ஒன்றின் உணவகத்தில் ஒயின் பரிமாறும் பொறுப்பில் இருந்தவன். டீச்சர் சொன்ன வேதியியலுக்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கைவேலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் பாட்டிலைப் பாருங்கள். வெப்பத்தில் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளும். தக்கைக்கும் கண்ணாடிக்கும் இடையில் கசிந்து, மூடியுறைக்குக் கீழே பிசுபிசுப்பாகக் காய்ந்திருக்கும். ஒயினின் மட்டம் கழுத்திலோ கழுத்தின் அடியிலோ இருந்தால் நல்லது. தோளின் பாதிக்கு இறங்கியிருந்தால் இத்தனை காலமும் காற்று உள்ளே போய்வந்திருக்கிறது என்று பொருள். அந்தப் பாட்டில் காற்றாடுவதை உள்ளேயே முடித்துவிட்டது.

படுத்துக் கிடந்த பாட்டிலை இரண்டு, மூன்று நாட்களுக்கு முன்பே மெதுவாக நிமிர்த்தி வையுங்கள். வின்டேஜ் போர்ட்டின் மண்டி கனமானது. பக்கவாட்டில் பொருக்காக ஒட்டியிருக்கும். அந்தக் காலத்தில் பாட்டிலின் மேற்பக்கத்தில் வெள்ளைச் சுண்ணாம்பால் ஒரு தீற்றுத் தீற்றி, எப்போது புரட்டினாலும் அந்தப் பக்கமே மேலே இருக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். நாற்பது ஆண்டுத் தக்கை திருகாணி பட்டவுடன் உதிரக்கூடும். இரண்டு தகடுகளைத் தக்கையின் இருபுறமும் செருகி முறுக்கி எடுக்கும் கருவி கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் பாட்டிலின் கழுத்தைப் பிடித்து, ஈரத்துணி வைத்துக் கழுத்தையே உடைத்து எடுப்பது போர்ட்டுக்கென்று இருக்கும் பழைய முறை. நம் ஊர்ப் பட்டறைகளில் அந்த இடுக்கியைச் செய்து தருவார்கள் என்று ஆசைப்பட வேண்டாம். பழகாத கைக்கு அது ஆகாது.

ஊற்றும்போது பாட்டிலின் கழுத்துக்குக் கீழே விளக்கு இருக்க வேண்டும். கைப்பேசி விளக்கே போதும். நடுவில் நிமிர்த்தாமல் ஒரே சாய்வில் ஊற்றுங்கள். கலங்கல் கழுத்தை எட்டியதும் நிறுத்திவிடுங்கள். ஒரு சிறு டம்ளர் அளவு மிஞ்சும், அதற்காக வருத்தப்படக்கூடாது. தக்கைத் துகள் விழுந்துவிட்டால் மல் துணியில் வடிகட்டலாம். ஆனால் புதுத் துணியில் கஞ்சி இருக்கும், பழைய துணியில் சோப்பு மணம் இருக்கும். சோப்பே போடாமல் வெந்நீரில் பலமுறை அலசிய துணிதான் ஆகும்.

பித்தளைக் கூஜாவை எடுக்கவே எடுக்காதீர்கள். வெள்ளீயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பு வைக்கமாட்டோம், போர்ட்டும் புளிப்புள்ளதுதான். செம்பு கரைந்தால் என்ன ஆகும் என்பதை டீச்சர் சொல்லியிருக்கிறார். எவர்சில்வர் கெடுதல் செய்யாது, ஆனால் கலங்கல் தெரியாது. படிகக் கண்ணாடியில் ஈயம் இருந்தால் அன்றைய மாலைக்கு அதைப் பயன்படுத்துவதில் பெரிய தீங்கில்லை; நாள் கணக்கில் போர்ட்டை அதில் சேமித்து வைத்தால் ஈயம் ஒயினில் இறங்கும்.

நம் ஊருக்கு நான் சொல்லும் முறை இதுதான். இறுத்த பின் அதே பாட்டிலைக் குடிநீரால் அலசுங்கள். ஆழ்குழாய்த் தண்ணீரில் இரும்பு இருக்கும், குழாய்த் தண்ணீரில் குளோரின் மணம் இருக்கும், இரண்டும் வேண்டாம். தண்ணீர் சொட்டாமல் வடியவிட்டு, தெளிந்த ஒயினை அதிலேயே திருப்பி ஊற்றி, இலேசாக மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு முறை ஊற்றியதிலேயே வேண்டிய காற்று உள்ளே போயிருக்கும். அகன்ற டிகான்டரில் 34 டிகிரியில் கிடப்பதற்குப் பதிலாக, குறுகிய கழுத்துக்குள் குளிர்ச்சியில் இருக்கும். அருந்துவதற்கு முன் வெளியே எடுத்தால் போதும். 16 அல்லது 17 டிகிரியை எட்ட உங்கள் அறையில் முக்கால் மணிகூட ஆகாது. கண்ணாடிக் கோப்பையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொள்ளுங்கள். நிறைய ஊற்றினால் பாதி அருந்துவதற்குள் சூடாகிவிடும்.

உப்பனாறு (கடலூர்)

கோவாவிலிருந்து நண்பர்கள் வாங்கிவரும் போர்ட் ஒயினையும் இப்படி இறுத்து வைக்க வேண்டுமா? பிள்ளை பெற்றவர்களுக்கு மருந்துபோலக் கொடுப்பார்களே, அதுதானே இது?

குடமுருட்டி (திருவையாறு)

இல்லை. அது அந்தப் பெயரில் விற்கப்படும் இனிப்பு ஒயின். டூரோ பள்ளத்தாக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதில் மண்டியும் இராது. திறந்து அப்படியே அருந்தலாம். மருந்து என்று பிள்ளை பெற்றவர்களுக்கு எதையும் கொடுக்க வேண்டாம்.

வெட்டாறு (நாகப்பட்டினம்)

அம்மா சொன்ன வெப்பநிலைக் கணக்கை ஏற்கிறேன். கையாவின் கிடங்குகள் ஆற்றங்கரையில் குளிர்ந்து கிடப்பவை என்பதை நானும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். ஆனால், கந்தகம் பறந்துபோவதுதான் எல்லாம் என்றால் அது ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட வேண்டுமே? ஆறாவது மணியில் வரும் மாற்றத்துக்கு அது போதிய விளக்கம் இல்லை. ஒரு மாலை முழுவதும் ஒரே போர்ட்டுடன் உட்கார்ந்திருந்தவர்கள் இதை அறிவார்கள். அரசலாறு தம்பி, லண்டன் பாட்டிலில் ஒரு பகுதியையாவது மறுநாளைக்கு மிச்சம் வைத்துப் பாருங்கள்.

கொள்ளிடம் (சீர்காழி)

எல்லாச் சேர்மங்களும் ஒரே வேகத்தில் பறப்பதில்லை, ஐயா. கனமான கந்தகச் சேர்மங்கள் ஒயினை விட்டு எளிதில் வெளியேறா; அவற்றில் சில மெதுவாக ஆக்சிஜனேற்றம் அடைந்தே மணத்தை இழக்கின்றன. அதற்கு மணிக்கணக்கில் நேரம் தேவைப்படலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆகையால்தான் ஒரே எண்ணைச் சொல்ல நான் விரும்பவில்லை. இறுத்தவுடன் ஒரு வாய், பின்பு மணிக்கொரு வாய் எனச் சுவைத்து, நன்றாக இருக்கும் கட்டத்தில் குளிர்ச்சிக்கு மாற்றிவிடலாம். மிச்சம் வைத்துப் பார்க்கும் சோதனை நல்லது. ஃப்ரிட்ஜில் வையுங்கள், மேசைமீது அல்ல.

அரசலாறு (கும்பகோணம்)

அனைவருக்கும் நன்றி. இரண்டு பாட்டில்களையும் அடுத்தடுத்த மாலைகளில் திறந்தோம்.

உள்ளறைப் பாட்டிலின் மட்டம் தோளுக்கு இறங்கியிருந்தது. மூடியுறையைக் கழற்றியபோது தக்கையின் விளிம்பில் பாகுபோல ஒட்டியது. தக்கை நனைந்து மூன்று துண்டாக வந்தது. நிறம் செங்கல் பொடியின் நிறத்துக்கு வந்திருந்தது. டீச்சர் சொன்ன வெந்தய மணத்தை மைத்துனரிடம் நான் முன்கூட்டிச் சொல்லவில்லை, அவராகவே, "யாரோ வெந்தயக் களி கிண்டுகிறார்களா?" என்று கேட்டார். உடனே அருந்தியபோது களைப்புத் தெரிந்தாலும் இனிமையாகவே இருந்தது. சோதனைக்காக ஒரு பகுதியை ஏசி அறையிலேயே டிகான்டரில் விட்டோம். ஒரு மணி நேரம் வரை வேறுபாடு தெரியவில்லை. மூன்றாவது மணியில் இனிப்பும் சாராயமும் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. நடுவில் இருந்த சுவை காணாமல் போய்விட்டது. அந்தப் பாட்டிலுக்கு எட்டு மணி நேரம் கொடுத்திருந்தால் ஒன்றும் மிஞ்சியிராது.

லண்டன் பாட்டில் முற்றிலும் வேறாக இருந்தது. மட்டம் கழுத்தின் அடியில். நிறத்தில் இன்னும் நடுவே சிவப்பு. திறந்தவுடன் அணைத்த தீக்குச்சியின் வாடையும் ஈர வாடையும் வந்தன. குடமுருட்டி தம்பி சொன்னபடி இறுத்துத் திருப்பி ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தோம். இரண்டு மணி நேரம் கழித்து அந்த வாடை அறவே இல்லை. பழ மணம் தெளிவாக எழுந்தது. அன்றிரவு கடைசிக் கோப்பை வரை அது ஏறுமுகமாகவே இருந்தது. ஐயா கேட்டுக்கொண்டபடி மூன்றில் ஒரு பங்கை மிச்சம் வைத்தோம். மறுநாள் மாலை அதை எடுத்தபோது அது முதல் நாளைவிட நன்றாக இருந்தது என்பதே எங்கள் மூவரின் தீர்ப்பு; நான்காமவர் மட்டும் முதல் நாள் கோப்பையில் இருந்த புகையிலை மணம் குறைந்துவிட்டது என்றார், அதுவும் உண்மைதான்.

இன்னும் ஒரு கோப்பைக்குச் சற்று அதிகமாக மீதி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரை அது தாங்குமா?

வெட்டாறு (நாகப்பட்டினம்)

இருபத்துநான்கு மணி நேரம் தாங்கியது மட்டுமல்லாமல் மேம்பட்டும் இருக்கிறது என்றால், நான் சொன்ன எட்டு மணி ஒன்றும் அதிகமில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். ஃப்ரிட்ஜில் இருந்தது என்று அம்மா இடைமறிப்பார், மறிக்கட்டும்.

கொள்ளிடம் (சீர்காழி)

மறிக்கவே செய்கிறேன். 5 டிகிரியில் ஒரு நாள் என்பது நான் சொன்ன விதியின்படி 18 டிகிரியில் பத்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு, ஐயா. அந்தக் கணக்கில் நாம் இருவரும் ஏறத்தாழ ஒரே இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம். நன்கு காக்கப்பட்ட பாட்டிலுக்கு உங்கள் எட்டு மணி பொருந்துகிறது, குளிர்ச்சியில் இருக்கும்வரை.

அரசலாறு அவர்களே, பெரிய பாட்டிலின் அடியில் ஒரு கோப்பை ஒயின் கிடந்தால் அதற்கு மேலே பல மடங்கு காற்று நிற்கும்; ஞாயிறு வரை அப்படி வைக்க வேண்டாம். 180 மில்லி குவார்ட்டர் பாட்டில் ஒன்றை மணம் போகும்வரை வெந்நீரில் கழுவி, விளிம்பு வரை நிரப்பி, மூடியை இறுக்கி ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு, மூன்று நாட்கள் குறையில்லாமல் இருக்கும். அதற்கு மேல் போனால் தீங்கு ஒன்றும் இல்லை. இனிப்பு மட்டுமே மிஞ்சும்.

அரசலாறு (கும்பகோணம்)

குவார்ட்டர் பாட்டிலுக்குத் தெருவில் பஞ்சமில்லை. நல்லதாக ஒன்றை மைத்துனர் தேடிக்கொண்டிருக்கிறார்.